ஓரத்தில் மூன்று எழுத்து இடம்

தில்லை நகரில் ஒரு மருத்துவமனைக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுவது இளவேனிலுக்குச் சம்பள வேலை. சம்பளம் இல்லாத வேலை ஒன்றும் அவளுக்கு இருந்தது. உயிரை வைத்திருந்தது அதில்தான். அதன் பெயர் 'வரி'. அது ஓர் உலாவி. படம் கிடையாது, விளம்பரம் கிடையாது, தானாக ஓடி மானத்தை வாங்கும் வீடியோ கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். எந்த இணையப் பக்கத்தைக் கொடுத்தாலும் அதன் நகைநட்டையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும்.

துறையூர்ப் பக்கம் அவள் அப்பா அழகர்சாமியின் வீட்டில் சிக்னல் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். விடுமுறைக்குப் போனால் ஒரு பக்கம் திறப்பதற்குள் சோறு வெந்துவிடும். அந்த எரிச்சலில் தொடங்கியதுதான் 'வரி'. ஆளே வரமாட்டார்கள் என்று நினைத்தாள். வந்தார்கள். பின்லாந்திலிருந்து ஒருவர், மதுரையிலிருந்து இருவர், எங்கிருந்து என்று சொல்லாமலே சிலர்.

அதில் அவளுக்கு மிகவும் பெருமையான சமாச்சாரம் ஓரம். தலைப்பு இடது ஓரத்தை ஒட்டி நிற்கும். பத்தியின் வரியெல்லாம் மூன்று எழுத்து இடம் உள்ளே தள்ளி நிற்கும். யாராவது யாருக்காவது பதில் எழுதியிருந்தால் அது இன்னும் மூன்று உள்ளே. ஒன்று வைத்தாள், நெருக்கியது. இரண்டு வைத்தாள், மனசுக்கு ஒப்பவில்லை. நான்கு வைத்தபோது எழுத்தெல்லாம் கல்யாண வீட்டுக்கு அழைக்காமல் வந்தவர்கள் மாதிரி ஒதுங்கி நின்றன. மூன்றில்தான் பக்கம் மூச்சு விட்டது.

"ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு இவ்ளோ யோசிக்கிற ஆள நான் பாத்ததே இல்லடி" என்றாள் பக்கத்து நாற்காலி ஜெஸ்லின்.

"ஒண்ணுமே இல்லாத எடம் இருந்தாத்தான் மத்தது எங்க இருக்குன்னு தெரியும்" என்றாள் இளவேனில். சொல்லிவிட்டு, நன்றாகச் சொன்னோம் என்று தனக்குள் மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

அந்த வாரம்தான் முதல் செய்தி வந்தது. கலையரசன் என்று பெயர் போட்டு, தமிழில், பிழையில்லாமல்.

'வணக்கம். உங்கள் உலாவி நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் முதல் மூன்று இடத்தைச் சும்மா விட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றும் எனக்கு வேண்டும். திருப்பிக் கொடுக்கவும்.'

திருப்பிக் கொடுக்கவும் என்ற சொல் அவளைக் குத்தியது. என்னவோ இவள் அவர் வீட்டுக்குள் புகுந்து எடுத்துக்கொண்டு வந்ததுபோல. மதியச் சாப்பாட்டை மறந்து பதில் எழுதினாள். புத்தகத்துக்கு ஓரம் எதற்கு, கண்ணுக்கு ஓய்வு எதற்கு, பத்தி எங்கே தொடங்குகிறது என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது என்றெல்லாம் விளக்கி, கடைசியில் 'உங்கள் ஜன்னலைச் சற்று அகலப்படுத்திக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்' என்று முடித்தாள்.

மறுநாள் பதில் வந்தது. 'என் ஜன்னல் இருபது எழுத்து அகலம். இழுத்தால் நீளாது. நீங்கள் பெரிய வீடு கட்டுகிறவர் போலத் தெரிகிறது. வாசலில் தாராளமாக இடம் விடுகிறீர்கள். எனக்கு வீடே அவ்வளவுதான்.'

இருபது எழுத்தா? எந்தக் காலத்துச் செல்போனில் பார்க்கிறார் இந்த மனிதர்? அவள் அப்படியே கேட்டு எழுதினாள். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு புகாரை அனுப்பினார்.

'சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று ஒரு பக்கத்தில் விவாதம் நடக்கிறது. ஒருவர் சொல்கிறார், அடுத்தவர் மறுக்கிறார், அவரை இன்னொருவர் மறுக்கிறார். ஒவ்வொரு மறுப்புக்கும் உங்கள் உலாவி மூன்று இடம் உள்ளே தள்ளுகிறது. ஆறாவது ஆளுக்கு வரும்போது ஒரு வரிக்கு இரண்டே எழுத்து. வெல்-லம்-போ-டக்-கூ-டா-து என்கிறார். அவருக்குத் திக்குவாய் என்று நினைத்து வருத்தப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, நீங்கள்தான் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.'

அலுவலகத்தில் உட்கார்ந்து இளவேனில் வாய்விட்டுச் சிரித்தாள். ஜெஸ்லின் திரும்பிப் பார்த்தாள். அடக்கிக்கொண்டு மறுபடி படித்தாள். மறுபடி சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆனாலும் விடவில்லை. ஒரு வாரம் சண்டை நடந்தது. அவள் எழுதுவாள், அவர் எழுதுவார். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன் போனைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது அவளுக்கு. பதில் வராத அன்று பில் போடும் மென்பொருளில் ஒருவருக்கு இரண்டு முறை ஊசி போட்டதாகக் கணக்கு வந்து, டாக்டரிடம் திட்டு வாங்கினாள். திட்டு வாங்கும்போதும் மனசு, அடுத்த பதிலில் ஓரத்தைப் பற்றி என்ன எழுதலாம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை அவர் மின்தடை அறிவிப்புப் பக்கம் ஒன்றை அனுப்பி, 'இதில் கரன்ட் போவது ஸ்ரீரங்கத்திலா திருவானைக்காவலிலா என்று உங்கள் உலாவியில் படித்தால் தெரியவில்லை, இரண்டு பெயரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. தண்ணீர் பிடித்து வைக்கலாமா வேண்டாமா என்று சொல்லவும்' என்று கேட்டிருந்தார்.

இளவேனில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் வாடகைக்கு இருப்பது அம்மா மண்டபம் சாலையில். உடனே எழுதினாள்: 'நீங்கள் ஸ்ரீரங்கமா?'

'வடக்கு உத்தர வீதி. நீங்கள்?'

பின்லாந்துக்காரர் மாதிரி எங்கோ கடல் தாண்டி இருப்பார் என்று நினைத்துச் சண்டை போட்ட ஆள், காலாற நடந்தால் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தார். ஒருவேளை காய்கறிக் கடையில் பக்கத்தில் நின்று அவரோடு கத்தரிக்காய் பொறுக்கியிருக்கிறாளோ என்னவோ. அம்மா மண்டபம் சாலை என்று அவள் எழுதியதற்கு அவர் இப்படிப் பதில் போட்டார்:

'அப்படியானால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண் தெரியாது. பிறந்ததிலிருந்தே. பிரெயில் கருவியில் விரலால் படிக்கிறேன். அதில் ஒரே வரி, இருபது எழுத்து. இதை முதல் நாளே எழுதியிருந்தால் நீங்கள் மன்னிப்புக் கேட்டு உடனே சரிசெய்து கொடுத்திருப்பீர்கள். சண்டை போட்டிருக்க மாட்டீர்கள். சண்டை நன்றாக இருந்தது.'

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் தண்ணீர்க் குழாய்வரை நடந்தாள், திரும்பி வந்தாள். கண்ணுக்கு ஓய்வு என்று பக்கம் பக்கமாக எழுதியது நினைவுக்கு வந்து காது சூடாகியது. கடைசி வரியை மறுபடி படித்தாள். காதில் இருந்த சூடு கன்னத்துக்கு இறங்கியது.

"என்னடி, ஜுரமா?" என்றாள் ஜெஸ்லின்.

"தெரியல" என்றாள் இளவேனில். அது உண்மை.

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உத்தர வீதிக்குப் போனாள். மாடிப் போர்ஷன். கதவைத் திறந்தது கலையரசனின் அக்கா அமிர்தம். "மூணு எழுத்துப் பொண்ணு வந்திருக்குடா" என்று உள்ளே குரல் கொடுத்தாள். வீட்டில் தனக்கு இப்படியொரு பெயர் இருப்பது இளவேனிலுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கலையரசன் ஒல்லியாக, உயரமாக இருந்தார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். மொழிபெயர்ப்பு வேலை, ஆங்கிலத்தில் வரும் மருந்துக் குறிப்புகளையும் இயந்திர விளக்கங்களையும் தமிழாக்கிக் கொடுப்பவர். கம்ப்யூட்டர் பேசும் குரலில் படிக்கலாமே என்று அவள் கேட்டாள்.

"கேக்கலாங்க. ஆனா அந்தக் குரலுக்கு லகரம், ளகரம், ழகரம் மூணும் ஒண்ணுதான். வலிக்கு மருந்தா, வழிக்கு மருந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? விரலுக்குத் தெரியும். கையக் குடுங்க."

தயக்கமே இல்லாமல் கேட்டார். அவளும் கொடுத்துவிட்டாள். நீளமான பேனா டப்பா மாதிரி ஒரு கருவி. அதன் முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் எழும்பி நின்றன. அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து இடது கோடியில் வைத்தார்.

"கண்ண மூடிக்கிட்டு நகத்துங்க."

வழவழப்பு. இன்னும் வழவழப்பு. இன்னும். பிறகுதான் குறுகுறுவென்று புள்ளிகள் தொடங்கின. அடுத்த வரிக்கு ஒரு பொத்தானை அழுத்தினார். மறுபடியும் வழவழப்பு, வழவழப்பு, வழவழப்பு. மூச்சு விடுகிறது என்று நினைத்த பக்கம், விரலுக்கடியில் மூச்சே இல்லாமல் கிடந்தது.

"ஐயோ" என்றாள் மெல்ல. "ஒவ்வொரு வரிக்கும் இப்படியா?"

"ஒவ்வொரு வரிக்கும். பத்திக்கு நடுவுல நீங்க விடுற காலி வரி வேற. மொத்தமா வழுக்கிக்கிட்டுப் போவும். கருவி கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவ அணைச்சு அணைச்சுப் போட்டேன்."

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தாள். மூன்றைப் பூஜ்யமாக்கினாள். காலி வரிகளையும் தூக்கினாள். எல்லாவற்றையும் இடது சுவரோடு ஒட்டவைத்து, "இப்பப் படிங்க" என்றாள், சாமி கும்பிடுகிற குரலில்.

கலையரசன் உள்ளூர்ச் செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்தார். விரல் ஓடியது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் மேலே போயிற்று. உதடு பிரிந்தது. இடத்தைத் திருப்பிக் கொடுத்ததில் மகிழ்ந்துபோனார் என்று அவளும் மகிழ ஆரம்பித்தபோது அவர் உரக்கப் படித்தார்.

"கொள்ளிடக் கரையில் ஒதுங்கிய முதலை மணமக்களுக்கு மாலை எடுத்துக் கொடுத்து வாழ்த்து."

இளவேனில் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மறுபடி படிங்க."

படித்தார். அதேதான். இளவேனில் திரையைப் பார்த்தாள். முதலை ஒரு செய்தித் தலைப்பு. மணமக்கள் அடுத்த செய்தித் தலைப்பு. நடுவே இருந்த இடத்தையெல்லாம் இவள் துடைத்தெடுத்ததில் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

"மாலைய எப்படி எடுத்துக் குடுத்திருக்கும்?" என்று கேட்டார் கலையரசன், மிகவும் நிதானமாக. "அதுக்குக் கை குட்ட."

அவ்வளவுதான். இளவேனில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அமிர்தம் காபித் தம்ளர்களோடு வந்து, "என்னடா?" என்றாள். "முதலை, அக்கா" என்றார் அவர். அதற்குமேல் பேச முடியவில்லை. "வாழ்த்துச்சாம்" என்றாள் இளவேனில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அமிர்தம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காபியை வைத்துவிட்டுப் போகும்போது வாசல் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மதியம்வரை மறுபடி சண்டை. ஆனால் இப்போது கட்சி மாறியிருந்தது. பூஜ்யமே இருக்கட்டும் என்று அவள் சாதித்தாள். ஓர் இடமாவது வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார்.

"நீங்கதான ஓரமே வேணாம்னு ஒரு வாரமா எழுதுனீங்க?"

"எழுதினேன். முதலையப் பாக்குறதுக்கு முன்னாடி."

கடைசியில் இப்படி முடிவானது: தலைப்பானாலும் பத்தியானாலும் முதல் வரி மட்டும் ஓர் இடம் உள்ளே, மற்ற வரியெல்லாம் ஒட்டி. விரல் ஒரு வழவழப்பைத் தொட்டால் புதிதாக ஒன்று தொடங்குகிறது. பதிலுக்குப் பதில் என்று உள்ளே உள்ளே போகும் விவாதங்களில் இடம் விடுவதே இல்லை. எத்தனையாவது படி என்று எண்ணை மட்டும் முன்னால் போட்டுவிடுவது. சாம்பார்க்காரர் தெளிவாகப் பேசினார். மற்றவர்கள் எத்தனை இடம் வேண்டுமோ அவரவரே வைத்துக்கொள்ளட்டும் என்று ஓர் அமைப்பும் சேர்த்தாள்.

வேலை முடிந்துவிட்டது, போகிற சாக்கு முடியவில்லை. அட்டவணை சரியாக வருகிறதா என்று பார்க்கப் போனாள். அடிக்குறிப்பு எங்கே நிற்க வேண்டும் என்று கேட்கப் போனாள். ஒரு முறை, எதற்கு வந்தோம் என்பதைப் படியேறும்போது யோசித்து, மாடிக்குப் போவதற்குள் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தாள். அவரும் சந்தேகம் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். சிலது சந்தேகமே இல்லை. 'அரைப்புள்ளிக்குப் பின்னால் ஓர் இடம் போதுமா?' என்று கேட்டிருந்த அன்று இளவேனில் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தாள்.

ஆடி மாதம் ஒரு மாலை. ஏதோ வேலை முடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்ற கலையரசனை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. ஊரே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தது.

"புதுத் தண்ணி" என்றார் கலையரசன் பின்னாலிருந்து. "வாசன வருது பாருங்க."

காற்று அவள் துப்பட்டாவை அவர் முகத்தில் அடித்தது. அவர் அதை எடுத்து அவள் தோளில் போட்டார். அந்த ஒரு நொடியில், இத்தனை நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நல்ல நல்ல வாக்கியங்கள் எல்லாம் அவளுக்கு மறந்துபோயின.

"கலை, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

"என்னங்க?"

"கல்யாணம்."

"யாருக்கு?"

மறுபடி ஹாரன். ஹெல்மெட்டுக்குள் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மூச்சை இழுத்துக் கத்தினாள். கத்தியது பாலம் முழுவதற்கும் கேட்டது. பக்கத்து ஷேர் ஆட்டோவில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள் வெளியே தலையை நீட்டினாள்.

"தம்பி, அந்தப் பொண்ணு உன்னயக் கட்டிக்கலாமான்னு கேக்குது. சட்டுனு ஒரு பதிலச் சொல்லு. முன்னாடி வழி விட்டுட்டாங்க, எங்க வண்டி போவணும்."

"சரிங்கம்மா" என்றார் கலையரசன் ஆட்டோவின் பக்கம் திரும்பி.

"அவங்களுக்குச் சொல்றீங்க?" என்றாள் இளவேனில்.

"உனக்கும் சரிதான்" என்றார். முதல் தடவையாக 'உனக்கு' என்றார்.

ஆட்டோக்காரர் காரணமில்லாமல் ஒரு ஹாரன் அடித்தார். அந்த அம்மாள் கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி ஸ்கூட்டியின் மேல் எறிந்துவிட்டுப் போனாள். பாலம் தாண்டி மாம்பழச்சாலையில் ஸ்ரீரங்கத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டியவள் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தாள்.

"திருவானைக்காவல் வந்துட்டோம்னு நெனைக்கிறேன்" என்றார் அவர் கொஞ்ச நேரம் கழித்து.

"ஆமா."

"எதுக்கு?"

"தெரியல."

இருவரும் சிரித்தார்கள். திரும்பி வரும்போதும் அவள் வழியை விட்டுவிட்டாள்.

துறையூரில் அவ்வளவு எளிதாக இல்லை. சாதி வேறு, கண்ணும் தெரியாது. அழகர்சாமிக்கு எதை முதலில் எதிர்ப்பது என்றே தெரியவில்லை. அம்மா ஆனந்தவள்ளிதான் போனில் அழுதாள். அழுது முடித்து, "ஆளக் கூட்டிட்டாச்சும் வா, பாப்போம்" என்றாள்.

அவர்கள் போன அன்று கூடத்தில் சின்ன வெங்காயம் மலைபோலக் கிடந்தது. அழகர்சாமி வாலை அரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். வாங்க என்றார், அதோடு சரி. கலையரசன் தரையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்து, ஒரு கை வெங்காயத்தை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தார். இளவேனில் தூணோடு ஒட்டி நின்றாள்.

"எம் பொண்ணுகிட்ட என்னத்தப் பாத்து..." என்று ஆரம்பித்த அழகர்சாமி, சொல் வாயில் சிக்கி நிறுத்திக்கொண்டார்.

"பாக்கலைங்க. படிச்சேன்" என்றார் கலையரசன். "மொதல்ல சண்டதான். மூணு எடத்துக்கு ஒரு வாரம் சண்ட."

"மூணு ஏக்கரா?"

"மூணு எழுத்துங்க. வரியோட ஓரத்துல சும்மா கெடக்குற எடம்."

அழகர்சாமி அரிவாளைக் கீழே வைத்தார். "வரப்பு மாதிரியா?"

"அதேதாங்க. அகலமாப் போட்டா நெலம் போயிடுது. போடாமலே விட்டா எது யாரு வயல்னு தெரியல."

"வரப்புச் சண்டன்னா எனக்குத் தெரியும்" என்றார் அழகர்சாமி. "எங்க பங்காளியோட இருபது வருஷமா நடக்குது. நீங்க எப்படி ஒரு வாரத்துல முடிச்சீங்க?"

"முடியலைங்க. இன்னும் நடக்குது. அதான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு."

சமையலறையில் ஆனந்தவள்ளி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தது தூண்வரை கேட்டது. அழகர்சாமி சிரிக்கவில்லை. ஆனால் மீசைக்குக் கீழே எதையோ சிரமப்பட்டு அடக்கினார். சாப்பாட்டுக்கு இலை போட்டபோது தன் பக்கத்து இலையைக் கையால் தட்டி, "இங்க உக்காருங்க" என்றார்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட அவரே கிளம்பினார். ஒரு தோளில் வெங்காய மூட்டை. இன்னொரு கையால் கலையரசனின் மணிக்கட்டைப் பிடித்து, மாட்டை ஓட்டுவதுபோல விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனார். கலையரசன் இரண்டு முறை தடுக்கினார்.

"மாமா, நீங்க இழுக்க வேணாம். நான் உங்க முழங்கையப் பிடிச்சுக்கிறேன். நீங்க பாட்டுக்கு நடங்க, நான் வந்துருவேன்."

அழகர்சாமி நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த இளவேனிலும் நின்றாள். அவர் மூட்டையை மறு தோளுக்கு மாற்றினார், தொண்டையைக் கனைத்தார், முழங்கையை மெதுவாக நீட்டினார்.

"முன்னாடி ஒரு பள்ளம் வருது, மாப்ள. பாத்து" என்றார். பிறகு, "அது சரி, நான் பாத்துக்குறேன்" என்றார்.

இளவேனிலுக்கு ஓட வேண்டும்போல இருந்தது. ஓடினாள். பஸ் வந்துகொண்டிருந்தது, அதை நிறுத்துவதற்கு என்று பிற்பாடு சொல்லிக்கொண்டாள். செருப்பு ஒன்று கழன்று பின்னால் தங்கிவிட்டது. திரும்பி எடுக்காமல், ஒற்றைச் செருப்போடு சாலையின் நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.